கரண்டி முதுகில் ஒரு நார்

கல்முனை முதல் அட்டாளைச்சேனை வரை எந்தக் கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எதிர்பார்க்கப்பட்டவரும், மாப்பிள்ளை வீட்டாரைக் காட்டிலும் அதிகமாக அஞ்சப்பட்டவரும் ஒருவரே. அவர் எங்கள் தெருவின் கடற்கரைப் பக்கத்துக் கடைசி வளவில் தனியாக வாழ்ந்த கரண்டி மாமி. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆயினும் அதை இங்கே எழுதினால் எங்கள் ஊராரே அது யார் என்று கேட்பார்கள்.

மனிதர்களை நம்பாதவர்கள் உலகில் பலர். கரண்டி மாமி மனிதர்களை ஓரளவு நம்பினார். அவர்கள் சமைத்ததைத்தான் நம்பவில்லை. தம் வீட்டுக் கோழி தம் கண் முன்னாலேயே இட்ட முட்டையையும் தண்ணீரில் போட்டு, அது தாழ்கிறதா மிதக்கிறதா என்று பார்த்த பின்னரே கோழிக்குத் தீனி வைப்பார். மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பது எல்லாரும் செய்வது. மாமி மீன்காரருடைய தராசையும் முகர்ந்து பார்ப்பார்.

இச்சந்தேகங்களுள் தலையாயது ஒன்று உண்டு. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் அவிப்பதே எங்கள் கல்யாண இனிப்பான வட்டிலப்பம்; ஊரில் அவிக்கப்படும் வட்டிலப்பங்களிலெல்லாம் முட்டையைக் குறைத்து வற்றாளைக் கிழங்கைக் கலக்கிறார்கள் என்பதே அது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எழுபதுகளின் முற்பகுதியில் அரிசிக்கும் சீனிக்கும் மாவுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், எங்கள் கரையோர மணலில் தாராளமாக விளைந்தது வற்றாளை ஒன்றே. கடல் தாண்டிய வாசகர்கள் அதனைச் சர்க்கரைவள்ளி என்பர். அதை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் தின்பதற்கு மேல் எங்கள் வீடுகளில் எவருக்கும் எதுவும் தோன்றவில்லை. மாமிக்குத் தோன்றியது. அரிசிமா போதாத இடத்தில் கிழங்கை மசித்துச் சேர்த்துப் பிட்டு அவித்தார், ரொட்டி சுட்டார். சுடுசாம்பலில் புதைத்து எடுத்த கிழங்கைத் தோலுரித்து, தேங்காய்ப்பாலில் கரைத்து, ஏலம் தட்டிப் போட்டுப் பாயசம் காய்ச்சினார். அவித்து மசித்த கிழங்கைக் கருப்பட்டிப் பாகில் இட்டு, கை சோரும்வரை கிண்டி அல்வா போன்ற தொதல் இறக்கினார். இறுதியில், ஒரு முட்டையும் இல்லாமல் கிழங்காலேயே வட்டிலப்பம் அவித்து, மௌலூது வைபவமொன்றுக்கு வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் வழித்து உண்டார்கள். இந்தக் காலத்தில் இவ்வளவு முட்டை எங்கே கிடைத்தது என்று வியந்தார்கள்.

மாமி வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய மனத்தில் ஒரு தர்க்கம் பிறந்தது. பின்னொரு நாள் அதை எனக்கே விளக்கினார்.

"ஒரு பொம்புள தனியாக் கிடந்து ஊரையே ஏமாத்த ஏலுமெண்டா, ஊரெல்லாம் சேந்து ஒரு பொம்புளய ஏமாத்த ஏலாதா தம்பி?"

கல்லூரியில் நான் பயின்ற தர்க்க நூல்களில் இந்த வகை வாதம் இல்லை.

எழுபத்தேழுக்குப் பிறகு கடைகளில் சீனி வந்தது, மா வந்தது. அத்துடன் வற்றாளை வறுமையின் அடையாளமாகிவிட்டது. மூன்று வேளையும் அதையே உண்டு உயிர் பிழைத்தவர்கள், சந்தையில் அதை வாங்கினால் மேலே கத்தரிக்காயைப் பரப்பி மறைத்தே வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள். கல்யாண வட்டிலப்பத்தில் வற்றாளை இருந்தது என்ற பேச்சு ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் தலைகுனிய வைக்கப் போதுமானதாயிற்று. சரியாக இந்தக் காலத்தில்தான் மாமி கரண்டியுடன் புறப்பட்டார்.

அது மெல்லிய காம்புடைய பித்தளைக் கரண்டி. கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். பெண்கள் பகுதியில் வட்டிலப்பம் வந்ததும் அதை அவிழ்த்து, குப்புறப் பிடித்து, மெல்ல இறக்கி, மெல்ல இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். முட்டையானால் முதுகு வெறுமையாக வரும். கிழங்கானால் ஒரு நாராவது ஒட்டிக்கொண்டு வரும். "நார் இரிக்கி" என்று மாமி சொன்னால், சோறு வந்து சேருமுன் அந்தச் செய்தி ஆண்கள் பகுதிக்கு வந்து சேர்ந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் ஒருவர் தம் மகளின் கல்யாணத்தில் இந்தத் தீர்ப்பை எதிர்த்து நின்றார்.

"வல்லாஹி மாமி, எல்லாம் முட்டைதான். கோதெல்லாம் பின்னால கிடக்கு."

"கொண்டு வாங்க பாப்பம்."

மனேஜர் சுளகு நிறைய உடைத்த முட்டை ஓடுகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். மாமி ஒவ்வொன்றாகப் புரட்டி முகர்ந்தார்.

"கோது கோழிடதான். ஆனா உடைச்சது இந்த வட்டிலப்பத்துக்குத்தானா எண்டு கோழிக்கும் தெரியா, எனக்கும் தெரியா."

அதன் பின் எங்கள் பகுதியில் புதியதொரு வழக்கம் தோன்றியது. கல்யாண வீடுகள் தம் வாசல் படலையடியில் முட்டைக்கோதுகளைக் குவித்து வைக்கத் தொடங்கின. விருந்தினர்கள் முதலில் கோதுக் குவியலைப் பார்த்து, அதன் உயரத்தைக் கொண்டு குடும்பத்தின் தரத்தை அளந்து, பிறகே சலாம் சொன்னார்கள். மாமிக்கு இதிலும் சந்தேகம் எழுந்தது. ஒரு வீட்டில் எவரும் அறியாமல் சில கோதுகளின் உட்புறத்தில் சலவை நீலத்தால் புள்ளி வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் புடவைக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் அதே நீலப் புள்ளிகள் படலையடியில் கிடந்தன.

மாமி ஒரு கோதை உயர்த்திப் பிடித்தார். "இது போன மாசம் மத்தக் கலியாணத்துக்கும் வந்திச்சே. இதுக்கும் நீங்கதான் அழைப்புக் குடுத்த நீங்களா?"

முதலாளி அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நீலப் புள்ளிக் கோதுகளை மாமி சான்றுப் பொருளாகக் கைப்பற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தார்.

நான் அப்போது கல்லூரி ஆசிரியன். தந்தையார் காலமான பின் குடும்பத்தின் பெயரைக் காக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்திருந்தது. என் தங்கைக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடித்தபோது, மாமியை அழைப்பதா வேண்டாமா என்பதே எனக்கிருந்த பெரிய கவலை. அழைத்தால் சோதிப்பார். அழைக்காவிட்டால், சோதனைக்கு அஞ்சினோம் என்று ஊர் சந்தேகிக்கும்.

அந்நிலையில்தான் சூறாவளி அடித்தது. கூரைகள் பறந்தன. தென்னைகள் தோட்டந்தோட்டமாகச் சாய்ந்தன. கோழிகள் எங்கே போயின என்பது எவருக்கும் தெரியவில்லை. சில நாவிதன்வெளி வயல்களில் கிடந்ததாகச் சொன்னார்கள். விழுந்த தேங்காய்கள் வளவெங்கும் மலைபோலக் குவிந்திருந்தன. முட்டை என்ற பொருள் மட்டும் எங்கள் பிரதேசத்திலிருந்தே மறைந்துவிட்டது.

கல்யாணத்தைத் தள்ளிப் போடவும் வழியில்லை. மாப்பிள்ளைக்குச் சவூதி விசா வந்திருந்தது. அதற்குமுன் நிக்காஹ் முடிய வேண்டும். அவருடைய சிறிய தந்தையான சாச்சா எங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்துப் போக வந்தார்.

"எங்களுக்கு ஒண்டும் வேணாம் மாஸ்டர். காலம் இப்புடி. ஒரு பிடி சோறு, ஒரு கரண்டி வட்டிலப்பம். அது போதும்."

எதுவும் வேண்டாம் என்பவர்களைத் திருப்திப்படுத்துவதைப் போலக் கடினமானது வேறில்லை. சொல்லும்போதே அவருடைய கண்கள் கூரையற்ற எங்கள் சுவர்களின் மேல் ஊர்ந்தன. இந்தக் குடும்பம் காற்றோடு போய்விட்டதா, இன்னும் நிற்கிறதா என்பதே அந்தப் பார்வையின் கேள்வி. பெண் வீட்டார் நொடித்துவிட்டார்கள் என்று அவர்கள் முடிவு செய்தால், மாப்பிள்ளை நிக்காஹ் இன்றியே விமானம் ஏறுவார். ஏறியவர் திரும்பி வந்து எங்கள் படலையைத் திறப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் முட்டை தேடி அலைந்தேன். கிடைக்கவில்லை. இறுதியில், ஊரில் எவர் வீட்டுக்கு நான் ஒருபோதும் உதவி கேட்டுப் போகமாட்டேன் என்று எண்ணியிருந்தேனோ, அந்த வீட்டுக்குப் போனேன்.

மாமியின் குடிசைக்கும் கூரை இல்லை. அவர் மணலைக் கிண்டி வற்றாளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"முட்டை இல்ல தம்பி. என்ட கோழி கூடோட போயிட்டு."

"முட்டைக்கு வரல்ல மாமி."

மாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்ன ஆரு அனுப்பின? மனேஜரா? என்னைய மாட்டி விடுற வேலையா?"

"இல்ல மாமி. தங்கச்சிட கலியாணம்."

"காத்து எல்லாத்தையும் கொண்டு போயிட்டு. மண்ணுக்குள்ள கிடந்தத மட்டும்தான் விட்டு வச்சிரிக்கி. அதுக்குத்தானே வந்த நீ?"

நான் தலையசைத்தேன். மாமி கிழங்குகளின் மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டார்.

"செஞ்சு தாறன். ஆனா பந்திக்கு நான் வருவன். கரண்டியோட வருவன். வராட்டி சனம் சந்தேகப்படும்."

"வந்து என்ன சொல்லுவீங்க மாமி?"

"அத அங்க வந்துதான் பாக்கணும். சபையில நான் இண்டு வரைக்கும் பொய் சொன்ன இல்ல."

காப்பாற்றும் கையும் கவிழ்க்கும் கையும் ஒன்றே என்பதை அறிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பகலில் மாமி எங்கள் குசினிக்குள் புகுந்து, யன்னல்களை அடைத்து, கதவுக்குப் பின்னால் எவரேனும் நிற்கிறார்களா என்று பார்த்த பின்னரே அடுப்பை மூட்டினார். சிவந்த தோலும் வெள்ளைச் சதையும் உடைய கிழங்குகளை அவித்து, சூடு ஆறுமுன் உரித்து மசித்தார். மசித்ததைத் தேங்காய்ப்பாலில் கரைத்து வெள்ளைத் துணியில் வடித்தார். வடித்ததை மறுபடியும் வடித்தார். துணியில் தங்கிய நாரை ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்த்தார்.

"என்ட கரண்டிக்கு நானே பயப்படுறன் பாரு."

பின்னர் கித்துள் கருப்பட்டியை உருக்கி ஊற்றி, கெட்டிப்பால் சேர்த்து, இறுகுவதற்கு ஒரு கை அரிசிமா தூவி, ஏலமும் சாதிக்காயும் போட்டு, வட்டில்களில் ஊற்றி ஆவியில் வைத்தார். வெந்து இறங்கியபோது அதன் மேற்பரப்பு மெழுகிய தரைபோல வழுவழுப்பாக இருந்தது. முட்டை வட்டிலப்பத்தில் சிறு சிறு கண்கள் இருக்கும். மாமி ஓர் ஈர்க்கை எடுத்து வட்டில் வட்டிலாகக் குத்திக் கண் வைத்தார்.

"முட்டை மூச்சு விட்ட இடம்" என்றார்.

மறுநாள் காலையில் பிஸ்கட் டின்னுடன் வந்து, நீலப் புள்ளிகள் மண்ணைப் பார்த்திருக்கும்படி எங்கள் படலையடியில் கோதுகளைப் பரப்பினார்.

"இவங்க பழைய சாட்சி. பொய் சொல்லிப் பழகினவங்க."

பந்தி தொடங்கியது. உட்சுவர் இடிந்திருந்ததால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஒரு படங்கை மட்டும் திரையாகக் கட்டியிருந்தோம். அப்பால் நடப்பது தெரியாது, பேசுவதெல்லாம் கேட்கும். மாப்பிள்ளையின் சாச்சா என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். வட்டிலப்பம் இரு பக்கமும் போயிற்று. படங்குக்கு அப்பாலிருந்து சாச்சாவின் மனைவியின் குரல் கேட்டது.

"எங்ககா கரண்டி மாமி? கரண்டியப் போட்டுப் பாருங்க. எங்களுக்கும் மனசு ஆறட்டும்."

சாச்சாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கைக்குட்டை அவிழும் சத்தம் எனக்குக் கேட்டது என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் கேட்டது.

"நார் இல்ல" என்றார் மாமி.

அது உண்மை. ஆனால் அந்தப் பெண்மணி விடவில்லை.

"அப்ப நல்லாரிக்கா மாமி?"

மாமி எந்தப் பந்தியிலும் எந்த வட்டிலப்பத்தையும் புகழ்ந்தவர் அல்லர். புகழ்ந்தால் அந்தக் கணமே அனைவருக்கும் சந்தேகம் எழும். புகழாமல் உண்மையைச் சொன்னாலோ, கதை முடிந்தது. மாமி கரண்டியை வட்டிலின் விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னத்த நல்லாரிக்கி. முட்டை வாடை குமட்டுது. ஊருல மிஞ்சின முட்டை எல்லாத்தையும் இதுக்குள்ள உடைச்சு ஊத்தியிரிக்காங்க. சனம் கூரையில்லாமக் கிடக்கக்குள்ள மாஸ்டருக்கு இவ்வளவு பெருமை கூடாது."

பெண்கள் சிரித்தார்கள். சாச்சா என் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் அதற்குமுன் நான் காணாத மரியாதை இருந்தது.

"எங்களுக்காக இவ்வளவு செய்யணுமா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு வட்டிலைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் தலையை மட்டும் தாழ்த்தினேன். முட்டையைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நிக்காஹ் நிறைவேறியது. விருந்தினர் கலைந்த பின் கிணற்றடிக்குப் போனேன். மாமி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியத்தை உருவாக்கி வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"சபையில பொய் சொல்லிட்டன் தம்பி. இனி என்ட சொல்லு செல்லாது."

ஈரக் கரண்டியை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார். "புள்ளைக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் பின்வாசலால் போனார்.

நாளைக்கே திருப்பிக் கேட்பார் என்று எண்ணினேன். கேட்கவில்லை. எண்பதுகளில் எங்கள் கரையில் கோழிகள் பெருகின; முட்டை மலிந்தது; கல்யாணங்கள் நடந்தன. மாமி எல்லாவற்றுக்கும் வந்தார். வெறுங்கையுடன் வந்தார். எப்படி மாமி என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நல்லாரிக்கி" என்று ஒரே பதிலைச் சொன்னார். படலையடிக் கோதுக் குவியல்கள் மெல்ல மறைந்தன. மாமிக்கு உடம்பு சரியில்லையோ என்று ஊர்தான் சந்தேகப்பட்டது. என்ன காரணம் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை பொய் சொன்ன சாட்சி மறுபடி கூண்டில் ஏறக்கூடாது என்று அவர் தமக்குத் தாமே தீர்ப்பளித்திருந்தார்.

மாமி மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கரண்டி என் தங்கையின் அலுமாரியில் இருக்கிறது. இன்றும் பந்தியில் வட்டிலப்பம் வந்தால், பக்கத்தில் இருப்பவர் வேறெங்கோ பார்க்கும் நேரமாகப் பார்த்து, என் கரண்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறேன். என் வயதுக்கும் மதிப்புக்கும் பொருந்தாத காரியம்தான். ஆனாலும், ஒரு நார் ஒட்டியிருக்காதா என்று மனம் கிடந்து ஏங்குகிறது.