சூளையை இடிக்கச் சொன்ன வெப்சைட்

2006-ஆம் ஆண்டில் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு புது சாமி முளைத்தது. மற்ற சாமிகள் கையில் வேப்பிலை வைத்திருக்கும். இது மவுஸ் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் சித்தர் என்றால் ஊருக்கே தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் காத்தவராயன். சென்னைக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனவர் பாதியிலேயே ஞானம் அடைந்து திரும்பினார் என்பது பக்தர்கள் கூற்று. பாதியிலேயே திரும்பினார் என்பது வரை எனக்கும் சம்மதம்.

மாடியில் ஓர் அறை. உள்ளே ஏசியும் கற்பூரப் புகையும். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். பீங்கான் பட்டறை முதலாளிகள், சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த உரக்கடைக்காரர், எம்.ஏ. இங்கிலீஷ் படித்த வாத்தியார்.

"ஒரே வரிதாம்பா அடிக்கிறாரு. முழு வெப்சைட்டும் தானா பொறக்குது!"

"மனுசன் செய்யறது இல்ல. சுயம்பு!"

நடந்தது இதுதான். கறுப்புத் திரை. சித்தர் கண்ணை மூடி முணுமுணுப்பார். ஒரு வரி தட்டுவார். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் குட்டி போடும். கடைசியில் பளிச்சென்று ஒரு பக்கம் விரியும். உச்சியில் உங்கள் கடைப் பெயர். நடுவில் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் இருவர் கைகுலுக்குவார்கள். அடியில் மூன்று பத்தி. எழுத்து இங்கிலீஷ், பாஷை இங்கிலீஷ் இல்லை.

பொம்மைப் பட்டறை கலியமூர்த்தி தன் பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். "யாருங்க சாமி இவுங்க?"

"உன்னத் தேடி வரப்போற கஸ்டமரு."

"ரெண்டு பேரு நிக்கிறாங்களே?"

"ஒருத்தரு வர்றாரு, இன்னொருத்தரு வழியனுப்புறாரு."

"கீழ என்னமோ எழுதியிருக்குதுங்களே?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "நான் எம்.ஏ. எனக்கே புரியலை." அவ்வளவுதான், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. புரியாததெல்லாம் தெய்வம் என்பது நம்மூர்க் கணக்கு.

"தேவ பாஷை" என்றார் சித்தர். "உன் சூளை தெக்கப் பாத்து வாயத் தொறந்திருக்குது. எமன் வாய்! வெள்ளிக்கிழமை இடிச்சிடு. பலன் அப்புறந்தான்."

பக்கத்து நாற்காலியில் வாஸ்து மேஸ்திரி விருத்தகிரி டேப்போடு உட்கார்ந்திருந்தார். சித்தருக்கு மச்சான். சும்மா காற்று வாங்க வந்தவராம்.

கலியமூர்த்தி அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, குங்குமம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அம்சவல்லி வாங்கிப் பார்த்தாள்.

"ஏன்யா, கொலுவுக்கு வார்த்த பொம்ம அத்தனையும் பச்சையா அடுக்கிக் கெடக்குது. இருக்கிறது ஒரு சூளை. இடிச்சிட்டு எதுல சுடுவ, உன் தலையிலயா?"

"கம்ப்யூட்டரு சொல்லுது அம்சா. அதுக்குப் பொய் பேசத் தெரியாது."

"அதுக்குப் பேசவே தெரியாது. பேசறது அந்த ஆளு."

வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரையோடு பட்டறைக்குக் கிளம்பினார்கள். கலியமூர்த்தி ஆசி வாங்க மாடி ஏறினார். பின்னாலேயே அம்சவல்லியும் ஏறினாள், லேமினேஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"சாமி, இன்னொரு வெப்சைட்டு வேணுங்க. ஆராயி செராமிக்ஸ், திட்டக்குடி. எங்க வூட்டுச் சொந்தந்தான். பரணி நட்சத்திரம். அங்கயும் தெக்கப் பாத்த சூளை. ஆனா இடின்னா ஒத்துக்க மாட்டாங்க. மதிலு கட்டுன்னா கட்டுவாங்க."

வியாபாரம் தெரிந்த எவனுக்கும் இது போதும். வாடிக்கையாளர் எதை வாங்குவார் என்று தெரிந்தபின் வேறு சரக்கை எடுத்துக் காட்டுபவன் கடையை மூட வேண்டியதுதான். சித்தர் முணுமுணுத்தார், தட்டினார். அம்சவல்லியின் கண் அவர் வாயில் இல்லை, விரலில் இருந்தது. பக்கம் விரிந்தது.

"ஆகா! ராஜயோகம்! தெக்கப் பாத்த சூளை லச்சுமி வாசல். தொடவே கூடாது. வடக்கால மட்டும் ஒரு மதிலு எழுப்பணும்." மேஸ்திரி டேப்பை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பிரிண்டு குடுங்க சாமி."

பிரிண்ட் வந்தது. அம்சவல்லி இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். வார்த்த பொம்மையை மாதிரிப் பொம்மையோடு ஒத்துப் பார்ப்பது அவளுக்குத் தினப்படி வேலை.

"வாத்தியாரே, இங்க வாங்க. பேரத் தவிர எதுனா வித்தியாசம் இருக்குதா?"

வாத்தியார் விரல் வைத்துப் பார்த்தார். "எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதாம்மா."

"அப்ப ஒரே எழுத்து இங்க இடிங்குது, அங்க தொடாதங்குது. எப்படிங்க சாமி?"

"நட்சத்திரத்துக்குத் தக்கன அர்த்தம் மாறும்மா. ஆராயி அம்மாவோட ஜாதகம் அப்படி."

"ஆராயி எங்க எருமைங்க. திட்டக்குடி சந்தையில வாங்குனது. பாலு கறக்குது. இன்னும் சூளை வெக்கல."

படிக்கட்டு வரை சிரிப்பு இறங்கிப் போனது.

"எருமையும் ஒரு ஜீவன்தான!" என்றார் சித்தர். அதையும் சிலர் தலையாட்டிக் கேட்டார்கள். நம் மக்களின் பொறுமை அளவிட முடியாதது.

டீ கொண்டுவந்த கீழ்வீட்டு டீக்கடைக்காரர் பாவாடையை அம்சவல்லி கூப்பிட்டாள். "அண்ணே, கற்பூரத்த அணைச்சிட்டு வந்து குந்துங்க. சாமி, தள்ளி நில்லுங்க. அண்ணே, மேல பாத்த அம்புக்குறி பட்டன அமுக்குங்க. சாமி அடிச்ச பழைய வரி வருதா? கடைசியில இருக்குற பேர மட்டும் அழிங்க. உங்க இஷ்டத்துக்கு எதுனா தட்டுங்க."

"எனக்கு மந்திரமே தெரியாதும்மா."

"தேவையில்ல. சாமியும் இதத்தான் செஞ்சாரு, நான் பாத்தேன்."

பாவாடை ஒற்றை விரலால் 'போண்டா' என்று இங்கிலீஷில் தட்டி என்டரை அமுக்கினார். எழுத்து ஓடியது. ஃபோல்டர் குட்டி போட்டது. உச்சியில் போண்டா. நடுவில் அதே வெள்ளைக்காரர்கள். அடியில் அதே தேவ பாஷை.

"அட, கோட்டு போட்டுக்கினு நம்ம கடைக்கா வர்றாங்க!" என்றார் பாவாடை.

உரக்கடைக்காரர் சித்தரின் காவித்துண்டைப் பிடித்தார். சித்தரின் சாமிக் குரல் போய் மனுசக் குரல் திரும்ப வந்தது. "வுடுங்கண்ணே... அது டெம்ப்ளேட்டு. எவனோ செஞ்சு வெச்ச அச்சு. பேரு குடுத்தா கோப்பெல்லாம் அதுவே போட்டுக் குடுக்கும். அந்த எழுத்துக்கு அர்த்தமே இல்லிங்க. எடம் ரொப்ப வெச்சது. நம்ம விவரத்த எழுதறப்ப அழிச்சிடணும்."

கருவி மேல் குற்றமில்லை. நல்ல கருவி. நாள் கணக்கில் கட்ட வேண்டிய எலும்புக்கூட்டை நொடியில் நிறுத்திக் கொடுக்கும். சதை வைப்பது நம் வேலை. இவர் எலும்புக்கூட்டுக்கே மாலை போட்டு விற்றார். வாங்கியவர்கள் யார்? காலையில் அச்சில் பீங்கான் கூழை ஊற்றி, மாலையில் வரிசை வரிசையாக ஒரே சாடைப் பிள்ளையார்களை உரித்தெடுக்கும் ஊர்க்காரர்கள்! அந்தப் பிள்ளையாரை எவனாவது சுயம்பு என்றால் கலியமூர்த்தியே சிரித்திருப்பார்.

அவர் அப்போது சிரிக்கவில்லை. "அய்யோ, கடப்பாரையோட ஆளுங்க போயிட்டாங்களே!" என்று மேஸ்திரியைத் தள்ளிவிட்டு, டிவிஎஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது சூளை வாயில் சில செங்கல்தான் உதிர்ந்திருந்தது. அம்சவல்லி அதைச் சேறு வைத்து அடைத்து அன்றைக்கே தீ மூட்டினாள். பொம்மைகள் நன்றாக வெந்தன.

மாடியில் கூட்டம் கலைந்தபின் உரக்கடைக்காரர் சித்தரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "கம்ப்யூட்டர் கெடக்கட்டும் சாமி. கைரேகை பாப்பிங்களா?"

அய்யா, சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டீர்கள். சாமியாரை மட்டும் ஏன் முழுசாக வாங்கிக்கொண்டு வருகிறீர்கள்?