மாடி அறைக்கு ஒரு பெரியவர்

"வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் சாவி தரேன்," என்றாள் வீட்டுக்காரம்மா.

சின்னவளுக்கு இருபத்தாறு வயது. கண்ணாடிக் கடையில் நான்கு வருடங்களாக ஊர்க்காரர்களின் கண்களைச் சோதிப்பவள். அவள் சொன்னால் போதும், எவ்வளவு பெரிய மனிதரும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சமர்த்தாகக் கடைசி வரியைப் படிப்பார். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் பெரியவர் வர வேண்டுமாம்.

அவள் ஆசைப்பட்டது உள்பக்கமாகத் தாழ் போட ஒரு கதவு, அவ்வளவுதான். வீட்டில் பத்துப் பேர். தாழ் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. அதற்குள்ளும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் யாராவது தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பார்கள். தனியாகப் போய் இருக்கட்டுமா என்று ஒருமுறை அம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டும் பார்த்தாள்.

"தனியா இருந்து என்ன பண்ணுவ?" என்றாள் அம்மா.

"சும்மா இருப்பேன்."

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இனி இவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று சின்னவள் முடிவுகட்டினாள்.

அதனால் கடையில் கண்ணாடி தேய்க்கும் அக்காவைச் சித்தியாக்கி அழைத்துப் போனாள். அக்காவிடம் ஒரு குறை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாது. அம்மா ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவி கைக்கு வந்திருக்கும். அக்காவோ, அம்மாவுக்கு ஒரு முட்டி தேய்ந்துவிட்டது, படியைப் பார்த்தாலே அழுதுவிடுவாள் என்று ஆரம்பித்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மாவுக்கும் முட்டிவலி. அவள் சாவியை மறந்துவிட்டு, என்ன வைத்தியம் என்று விசாரிக்கத் தொடங்கினாள். அக்கா அசரவில்லை. யாரோ ஒருவர் காய்ச்சிக் கொடுக்கும் எண்ணெய், தடவினால் மூன்றே நாளில் பாதி வலி போய்விடும் என்று அளந்தாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா எண்ணெய் கேட்டுக் கடைக்கே வந்துவிட்டாள். சித்தி அங்கே கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, நல்லவேளை, குடும்பமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள். அதைக் கேட்ட முதலாளிக்குத்தான் சந்தோஷமில்லை. சித்தியும் மகளும் இனி ஒரே நாளில் லீவு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சின்னவள் சமையலறை எண்ணெயில் கொஞ்சம் கற்பூரத்தைக் கரைத்து, பழைய மருந்து பாட்டிலில் ஊற்றி, அம்மா கொடுத்தனுப்பியது என்று கொடுத்தாள். இத்தோடு விட்டது தொல்லை என்று நினைத்தாள். ஆனால் அந்த எண்ணெய் வேலை செய்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா துள்ளாத குறையாக நடந்து வந்து, உன் அம்மாவை நேரில் பார்த்து நன்றி சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டில் பம்பரமாகச் சுழல்வாள். வேறு வழியே இல்லை. அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, சித்தி முதல் கற்பூரம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அம்மா திட்டவில்லை. எந்த வீடு என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் அவள் கை நின்றது. பிறகு ஒரு சட்டையை மடித்து, அதைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"அவங்க இங்க வர வேணாம். நாமளே போகலாம்."

"அம்மா, உனக்கு முட்டிவலி."

"சரி. எந்தக் கால்?"

அம்மாவா இது என்று சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். நேரில் போய் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் அம்மா கிளம்புகிறாள் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசற்படியிலிருந்தே நொண்ட ஆரம்பித்தாள். தெருமுனையில் கால் மாறியது. சின்னவள் கையைக் கிள்ளியதும் பழைய காலுக்குத் திரும்பியது. வீட்டுக்காரம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெயைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். எல்லாவற்றுக்கும் அம்மா ஆமாம் போட்டாள். அவள் கண் மட்டும் மாடிப் படியிலேயே இருந்தது.

"நீங்க கீழேயே உக்காருங்க. பொண்ணுக்கு நான் ரூமைக் காட்டிட்டு வரேன்."

"பரவாயில்ல. மெதுவா ஏறிடுவேன்," என்றாள் அம்மா.

மெதுவாக என்ற சொல்லுக்கு அவள் அகராதியில் என்ன அர்த்தமோ தெரியாது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டாள். பின்னால் வந்த இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர்கள் மேலே போவதற்குள் அம்மா அறைக்குள் நுழைந்து உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த அறையில் அம்மா தனியாக என்னதான் செய்கிறாள் என்று சின்னவளுக்குக் கதவில் காதை வைக்க வேண்டும்போல இருந்தது. வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது. அம்மாவின் முகம் அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோலத் தெளிவாக இருந்தது.

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "முட்டிவலின்னு சொன்னீங்களே?"

அறையும் போச்சு, மானமும் போச்சு. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர்தான் கொடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார்.

"முட்டிவலியா, இவங்களுக்கா? போன மாசம் நீ ஊர்ல இல்லாதப்ப, தான் தனியா தங்கறதுக்கு இந்த ரூமைக் கேட்டு வந்தாங்களே, அன்னைக்கும் இப்படித்தான் ஓடி ஏறினாங்க."