ஆறு நாட்டுப் பேரவையும் ஒரு கடுதாசியும்

ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டு வக்கீல் சங்கமும் பிரஸ்ஸல்ஸில் உள்ள பொதுப் பேரவைக்கு ஒரு தூதுக்குழு அனுப்புகிறது. குழுவுக்கு ஒரு தலைவர். ஓட்டு அவர் கையில். இதை ஷார்ஜாவில் ஒரு பிரியாணி விருந்தில் கேள்விப்பட்டதிலிருந்து எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வளைகுடாவில் எங்களைக் கோர்ட்டில் வாதாட விடமாட்டார்கள். கம்பெனி ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்கிற வேலைதான். வாதாட முடியாத வக்கீலுக்கு ஒரு பேரவையாவது வேண்டாமா? ஆறு நாட்டுத் தமிழ் வக்கீல்களும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டோம். அடியேன் செயலாளர்.

முதல் மனு குவைத்திலிருந்து. அங்கே ஒரு வீட்டில் வேலை பார்க்கும் இலங்கை ஹட்டன்காரி யோகம்மா போனில் கேட்டாள்: "ஐயா, மகளுக்கு வர்ற மாசம் பேறுகாலம். பாஸ்போர்ட்ட மேடம் வச்சிக்கிட்டுக் குடுக்க மாட்டேங்குறாங்க. ஒரு கடுதாசி எழுதித் தாங்களேன்."

பத்து நிமிட வேலை. ஆனால் விதி எட்டு என்ன சொல்கிறது? தனிநபர் பேரவையை நேரடியாக அணுகலாகாது. தேசியச் சங்கத்தின் வழியாகவே வரவேண்டும். குவைத் சங்கத்துக்கு ஒரே உறுப்பினர், அங்கே அப்பாசியாவில் குடியிருக்கும் உமாபதி.

உமாபதி யோக்கியமான மனுஷர். வீட்டு ஹாலிலேயே பொதுக்குழுவைக் கூட்டி, தூதுக்குழுத் தலைவராகத் தன்னைத் தானே முன்மொழிந்தார். வழிமொழிய ஆளில்லை.

"நான் வழிமொழியட்டுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாராம் மனைவி நளினி.

"நீ வக்கீல் இல்லையே!"

"நீங்க மட்டும் இங்க வக்கீலாக்கும்?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

தலைவரில்லாத தூதுக்குழுவுக்குப் பார்வையாளர் அந்தஸ்துதான். பார்வையாளர் பார்க்கலாம், பேசக் கூடாது. ஆகவே ஜூம் கூட்டத்தில் உமாபதி அந்த மனுவை ஒரு தாளில் எழுதிக் கேமரா முன் தூக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்களும் மரியாதையாகப் பார்த்தோம்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், "அந்தம்மா அழறாங்கய்யா!" என்றுவிட்டார்.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று பாய்ந்தார் தோஹா ராஜீவ். "பார்வையாளர் பேசிட்டார். குறிப்பிலேருந்து நீக்கணும்."

நீக்கினோம். ஓமனின் மைக் மியூட்டில் கிடந்தது; அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

மூன்று வாரம் கழித்து யோகம்மாவை வாட்ஸப்பில் அழைத்தேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. "அம்மா, நீங்க ஒரு பணிப்பெண்கள் சங்கம் ஆரம்பிச்சு, தூதுக்குழு அனுப்பினா..."

"நான் ஹட்டனுக்கு வந்துட்டேங்கய்யா. பொட்டப்புள்ள! ரெண்டு உசிரும் நல்லாயிருக்கு. நீங்க கூட்டம் போட்டுக்கிட்டு இருந்தீங்களா, நானே லேபர் ஆபீசுக்குப் போயி தெரிஞ்ச அரபியில சொன்னேன். மேடத்துக்கு ஒரு போன் போட்டாங்க. கலாஸ், முடிஞ்சுது. அன்னைக்கே பாஸ்போர்ட் கைக்கு வந்துருச்சு."

பேரவை இதைத் தன் முதல் வெற்றியாகப் பதிவு செய்து கைதட்டியது. அந்த உற்சாகத்தோடு, ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் போய் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது என்றும் தீர்மானம். விசாவுக்காக அவரவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.



"என்னோடது ஹெச்.ஆர். பீரோவுல இருக்கு," என்றார் ராஜீவ், மெல்ல.

"என்னோடதும்." "இங்கயும் அதான்." ஓமன்கூட மைக்கைத் திறந்து அதையே சொன்னது. என்னுடையது ஏழு வருஷமாக மேனேஜரின் மேஜை டிராயரில் இருக்கிறது. கேட்டால் வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று பயம், வேறென்ன?

ஜூலை மாதம் பெல்ஜியத்தில் குளிர் தாங்காது என்பதால் பயணம் கைவிடப்படுகிறது என்று நான்தான் குறிப்பில் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.