எக்ஸாஸ்டட் மாமா

கல்யாண வீட்டில் உக்கிராணச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, சாமான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தாலி கட்டுவதைப் பார்க்க மாட்டார். யார் வந்தார், யார் போனார் என்று விசாரிக்க மாட்டார். கண்ணெல்லாம் உள்ளே வரும் காலி வாளியிலும் வெளியே போகும் நிறைந்த வாளியிலும்தான். இந்த இனத்துக்கு ஒரே ஒரு பயம், இருப்பது தீர்ந்துவிடுமோ என்று. அதற்கு அது கண்டுபிடித்த மருந்து, தீருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவது.

நம்முடைய கோவிந்தசாமி அதை இங்கிலீஷில் சொல்வார். கடலூரில் ஒரு பண்டகசாலையில் குமாஸ்தா. அரிசிக்கும் சர்க்கரைக்கும் ஊரே அலைந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. "தீந்துபோச்சு" என்று தமிழில் சொன்னால் சும்மா விடுவார்களா? எப்படித் தீர்ந்தது, நேற்று வந்த மூட்டை எங்கே போனது, யார் வீட்டுக்குப் போனது என்று பிடித்துக்கொள்வார்கள். "எக்ஸாஸ்டட்" என்று சொல்லிப் பாருங்கள். மழை பெய்த மாதிரி, யாரும் செய்யாமல் தானாக நடந்துவிட்ட காரியம் ஆகிவிடும். கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எவராவது ஒருவர் திரும்பி நின்று, "நெசமாவே இல்லீங்களா?" என்று கேட்டால் மட்டும் கோவிந்தசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்தவன் வார்த்தையை நம்பாத ஜனங்கள்!

இப்பேர்ப்பட்டவரிடம்தான் சிதம்பரத்தில் இருந்த தங்கை அமிர்தம் தன் மகள் புஷ்பவள்ளியின் கல்யாணத்துக்குச் சாவியைக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீடு திட்டக்குடி. நிலபுலத்தோடு நாக்கும் நீளமான வீடு. இந்தப் பஞ்ச காலத்தில் சிதம்பரத்தார் என்ன சாப்பாடு போட்டுவிடப் போகிறார்கள் என்று நிச்சயத்தன்றே பேசியிருந்தார்கள். நாளைக்கு மகள் அந்த வீட்டில் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் குத்தல் பேச்சுக் கேட்கக் கூடாது என்பதற்காக, அமிர்தம் மாதக்கணக்காகத் தன் வீட்டுக் காப்பிக்குக்கூடப் போடாமல் சர்க்கரை சேர்த்திருந்தாள். எல்லாம் அந்த ஒரு பாயசத்துக்காக.

முதல் பந்திக்குக் கோவிந்தசாமி அரைக் கரண்டி என்று உத்தரவு போட்டார். அடுத்த பந்திக்கு அதிலும் பாதி. பாயச அண்டா பாதிக்கு இறங்கியதும் அவருக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் யாராவது வந்தால்? வந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டால்? கதவைப் பூட்டினார். கடைசிப் பந்தியில் தன் ஊர்க்காரர்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா தட்சிணாமூர்த்தி. பரிமாறுகிறவன் வாளியோடு வந்தான்.

"எக்ஸாஸ்டட்" என்றார் கோவிந்தசாமி.

அவன் போய் அதே வார்த்தையைச் சம்பந்தியின் இலைக்கு முன்னால் நின்று சொன்னான். தட்சிணாமூர்த்தி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை. அமிர்தத்தை நிமிர்ந்து பார்த்து நிதானமாகச் சொன்னார்: "பரவால்ல சம்பந்தி. பொண்ணுகிட்ட சொல்லி அனுப்புங்க, எங்க வூட்ல பாயசம் இருக்கும்."

அமிர்தம் நேரே சாமான் அறைக்கு நடந்தாள். அண்ணனிடம் சாவிக்காகக் கையை நீட்டினாள். கோவிந்தசாமி தர்மசங்கடத்தில் நெளிந்தார். தங்கை மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு தடவை எக்ஸாஸ்டட் ஆன சரக்கு மறுபடி வெளியே வந்தால் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை?

"இல்லன்னு சொல்லியாச்சும்மா. இப்ப எடுத்துக் குடுத்தா நான் பொய் சொன்னதா ஆயிடும்."

"எம் பொண்ணு வாழப்போற வூடுண்ணே."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சாவியை உருவிக் கதவைத் திறந்துவிட்டாள். முந்திரி மிதக்க, அரை அண்டா பாயசம் இருந்தது. வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, எழுந்துவிடப் போன சம்பந்தியின் இலையில் ஊற்றினாள். அண்ணன் உங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்தார், அந்தப் பையனுக்குத்தான் தெரியவில்லை என்றாள். தட்சிணாமூர்த்தி முகம் மலர்ந்து இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். கோவிந்தசாமி மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குள்ளேயே, தான் அப்படித்தான் எடுத்துவைத்ததாக அவருக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவர் இலையில் உட்கார்ந்தார். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, பாவம். அமிர்தமே பரிமாறினாள். சாதம், சாம்பார், ரசம், மோர், ஒன்றும் குறைவில்லை. நாதஸ்வரக்காரர்கள் பக்கம் மட்டும் ஒரு வாளி போய்க்கொண்டிருந்தது. அதில் ஏலக்காய் மணத்தது.

"பாயசம்?" என்றார்.

"எக்ஸாஸ்டட்ண்ணே."

கோவிந்தசாமி வாளியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கை இலையிலேயே இருக்க, தழைந்த குரலில் கேட்டார்: "நெசமாவே இல்லியாம்மா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, அலமாரியில் முறுக்கு டப்பா நிறைய இருக்க, "அடடா, நேத்துதான் தீர்ந்துபோச்சு" என்று வருத்தப்பட்டது யார்? தமிழில் சொன்னதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். எதற்கும் இடுப்பைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சாவி ஏதாவது தட்டுப்படும்.