குட்டி கத்தவில்லை

அன்று கடையில் இருந்தவர்கள்: முதலாளி, கல்லாவில். அந்தோணி பெரியப்பா, முதியோர் பென்சனுக்கு மனுப் போட வந்தவர், பெஞ்சில். நான், கூட்டித் துடைத்து ஜெராக்ஸ் எடுக்கிறவள், வாசலில். ஊரே பொறுங்க சார் என்று கூப்பிடுகிறவர், கம்ப்யூட்டர் முன்னால்.

மணமேல்குடி பக்கம் பொறுங்க சாரைப்போல் பயந்த மனிதர் பிறந்ததே இல்லை. அவரும் இங்கே பிறக்கவில்லை. பொன்னமராவதிக்காரர். வேலைக்கு வந்த அன்றுதான் கடலை முதன்முதலாகப் பார்த்தார். இருநூறு அடி தள்ளி நின்று பார்த்தார்.

"அக்கா, இந்தத் தண்ணி இங்கிட்டு வருமா?"

"கூப்பிட்டாத்தான் வரும் சார்."

அதிலிருந்து கரைப்பக்கம் யாரும் உரக்கப் பேசினால் அவருக்கு ஆகாது.

எதற்கும் "பொறுங்க" என்பார். டீ வந்தால் பொறுங்க. ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் வந்தால் பொறுங்க, கூட்டம் இறங்கட்டும். பஸ் போய்விடும். நாய் குறுக்கே படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பார். ஒரு நாள் நாய் எழவில்லை. முதலாளி போய் நாயை எழுப்பிவிட்டு அவரைக் கூட்டிவந்தார்.

கம்ப்யூட்டரிடம் மட்டும் பயமில்லை. கடைக் கம்ப்யூட்டர் கிழடு. பெரிய புரோகிராம் போட்டால் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் அவரே சின்னதாக ஒன்று எழுதினார். லைப்ரரி என்றார். நான் புத்தகம் எங்கே என்று பார்த்தேன்.

"அது இல்லக்கா. இத ஒரு தடவ எழுதி வச்சுட்டா, யாரு புரோகிராம் எழுதுனாலும் எடுத்துச் சேத்துக்கலாம். வெப்சைட்டுக்கிட்ட போயி, நம்ம கேக்கச் சொன்னதக் கேட்டு, பதில வாங்கிட்டு வரும். அம்புட்டுத்தான் வேலை."

"எடுபிடி ஆளா?"

"எடுபிடிதான். எடையே இல்லாத ஆளு."

குட்டி என்று பேர் வைத்தார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குட்டி வானிலைப் பக்கத்துக்குப் போய், காற்று எச்சரிக்கை உண்டா என்று கேட்கும். இல்லை என்றால் திரையில் ஒரு புள்ளி விழும். உண்டு என்றால் மாடியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் கத்தும். கடலுக்குப் போகிறவர்களுக்காகச் செய்தேன் என்றார். தனக்காகத்தான் செய்தார் என்று நான் நினைத்தேன்.

இரண்டு தடவை கத்தியது. இரண்டு தடவையும் காற்று வந்தது. அதோடு எங்கள் கரையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வானத்தைப் பார்ப்பதை விட்டார்கள். போனில் வரும் செய்தியைப் பார்ப்பதையும் விட்டார்கள்.

"குட்டி கத்தலைல்ல? கெளம்பு."

அன்றும் குட்டி கத்தவில்லை. ஆறு மணிக்கு ஏழு படகு போனது. ஒன்றில் என் வீட்டுக்காரர்.

ஒன்பது மணிக்குத் திரையைத் துடைத்தேன். அதில் மற்றதெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரிந்தது புள்ளி மட்டும்.

"சார், கடை தொறந்ததுலேருந்து புள்ளி கூடலையே."

"பொறுங்கக்கா. கேட்டுக்கிட்டிருக்கும்."

பிறகு அவரே திரும்பிப் பார்த்தார். எதையோ தட்டினார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அஞ்சே காலுக்குக் கேட்டிருக்கு. நடுவுல நெட்டு போயிருக்கு. பதிலுக்காக இன்னும் நின்னுக்கிட்டே இருக்குக்கா."

"நெட்டு வந்துருச்சே?"

"வந்தாலும் அதுக்குத் தெரியாது. எம்புட்டு நேரம் பொறுக்கணும்னு நான் சொல்லி வைக்கல."

முதலாளி எழுந்துவிட்டார். "யோவ், ஒன்னைய மாதிரியே ஒண்ணப் பெத்து வச்சிருக்கியேய்யா!"

சார் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சிவப்பு எழுத்து. வாசலில் என் சேலைத் தலைப்பு படபடவென்று அடித்தது. அந்தோணி பெரியப்பா மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வாடைக் காத்து பொறந்துருச்சு" என்றார்.

நான் போன் போட்டேன். ஆறு படகில் எடுத்தார்கள். கரைக்குத் திரும்புகிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.

நிமிர்ந்தால் பொறுங்க சாரைக் காணோம். மாடியிலிருந்த குழாயை வயரோடு பிய்த்து எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். குறுக்கே நாய். தாண்டினார். நாய் பயந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். கரண்டு இல்லாத குழாயை வாயில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பொறுக்காதீங்க! வாங்க! பொறுக்காதீங்க!"

கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். தண்ணீர் வந்தது. நெஞ்சில் அடித்தது. அவர் நகரவில்லை. அந்தச் சத்தம் பத்தடி போயிருக்காது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எண்ணினேன். ஆறு. அப்புறம் ஒன்றும் இல்லை. கடல் கறுத்துவிட்டது. சார் நனைந்த கோழி மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார். "பொறுங்க" என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கரையில் நின்ற படகுகளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு தெரிந்தது. எங்கள் படகு. வலை எங்கோ மாட்டி, அறுத்துவிட்டு வந்திருந்தார் என் வீட்டுக்காரர். போன் நனைந்து செத்திருந்தது. இறங்கியதும் சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி, சாரு இன்னைக்குத்தான் குளிக்கிறாரா?"

சார் அழுதார். பின்னாலேயே வந்திருந்த பெரியப்பா துண்டைக் கொடுத்தார்.

உடுப்புக் காயுமுன்னே சார் கடைக்குப் போய்க் குட்டியைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

"எம்புட்டு செகண்டு பொறுக்கலாம்க்கா? அதுக்குள்ள பதில் வரலன்னா, பதில் இல்லைன்னே குழாய் கத்தணும்."

அஞ்சாம் வகுப்பு படித்தவளிடம் கேட்டார். கரையில் எண்ணி முடித்த எண் வாயிலேயே இருந்தது. அதைச் சொன்னேன். போட்டார்.

போன வருசம் கறம்பக்குடிக்கு மாறிப் போய்விட்டார். அங்கே கடல் இல்லை. குட்டியை நெட்டில் போட்டு வைத்திருக்கிறார். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எடுத்துக்கொள்கிறார்களாம். போன வாரம் பேசினேன். எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டேன் என்றார்.

"அந்த எண்ணு, சார்?"

"அதுல மட்டும் கை வைக்கலக்கா. பயமா இருக்கு."

ஏழு.