தோட்டாவுக்கு வாய் கட்டும் கலை

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களில் தலையாயது, அமெரிக்காவின் மொன்டானாவில், எங்கள் கார் ஷெட்டில் நடக்கும் தோட்டாவுக்கு வாய் கட்டும் கலைதான். இது என் 'நிபுணத்துவ'க் கருத்து. பித்தளைக் கூட்டின் அடியில் பொறி தரும் 'கேப்'பைப் பொருத்தி, வெடிமருந்தைக் கொட்டி, குண்டைச் செருகியபின், கூட்டின் வாயைக் குண்டின்மேல் நெரித்துவிட வேண்டும். இந்தக் கடைசி நெரிப்பில்தான் எங்கள் குடும்பம் இரண்டு கட்சி.

அப்பா ஆரின், விளிம்பை உள்பக்கம் சுருட்டும் கட்சி. சித்தப்பா வெர்ல், நாலு பக்கமும் அமுக்கும் கட்சி. நான் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய இயந்திரப் பொறியாளர்; ஆகவே நடுவர்.

மரவாடி மூடி இருவருக்கும் வேலை போயிருந்தது. மறுநாளோடு மான் வேட்டைப் பருவம் முடிகிறது. குளிர்காலத்துக்கு இறைச்சி இருக்க வேண்டிய ஃப்ரீசரில் ஐஸ் மட்டும் நிறைந்திருந்தது. இந்த நெருக்கடியில் 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டாமல் இருக்க முடியுமா?

"சுருட்டலன்னா, துப்பாக்கில தோட்டா அடுக்குற மேகசின் குழாய்ல ஸ்பிரிங் தள்ளுற தள்ளுக்குக் குண்டு உள்ள போயிரும்டா!"

"நீ சுருட்டுற சுருட்டுல கூடே கசங்கிப் போகுதுண்ணே."

"உன்னோடது மட்டும்? கழுதை கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றேன்.

நெரிக்கும் மெஷினின் கைப்பிடியை இழுத்து இழுத்து வாய் கட்டியபடியே உராய்வு விசை பற்றிப் பேருரை ஆற்றினேன். தீர்ப்பு: லேசாகச் சுருட்டி, அப்புறம் அமுக்குக. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!"

காலையில் கொழுத்த கிடா மான் ஒன்று, எங்களுக்கென்றே பக்கவாட்டில் நின்றது. அப்பா விசையை இழுத்தார்.

'பொட்.'

குண்டு துப்பாக்கிக் குழலிலேயே சிக்கிக்கொண்டது. மான் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து மிச்சத் தோட்டாக்களைத் தட்டிப் பிரித்தோம். ஒன்றிலும் ஒரு துளி மருந்து இல்லை; கேப்பின் பொறி மட்டும்தான் அந்தக் குண்டைக் குழல்வரை தள்ளியிருக்கிறது.

"ஆனா பிடி என்னா பிடிண்ணே! குண்டைப் பிடுங்குறதுக்குள்ள மூச்சு வாங்குது," என்று சித்தப்பா மெய்மறந்தார்.

"மருந்து யாரு போட்டிருக்கணும்?" என்று கத்தினேன்.

"நீதானேம்மா மெஷின் முன்னால நின்ன," என்றார் அப்பா சாந்தமாக. "நாங்க உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

குளிர்காலம் முழுக்க டப்பா பீன்ஸ். காலிக் கூட்டுக்கு இத்தனை அழகாக வாய் கட்டத்தான், இரண்டு மரவாடித் தொழிலாளிகள் நான்கு வருஷம் என்னைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.