சந்தோஷப்பட அரை மணி நேரம்

பினாங்கில் நூறு வயது வரை வாழ்வதை ஓர் உத்தியோகமாகவே வைத்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நூறாயுசு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் அவரும் நானும் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. கல்யாணமாகாத நாங்கள் சில பேர் சேர்ந்து ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். எங்களுக்குச் சமைத்துப் போட்டவன் அந்தோணி.

நூறாயுசு விடிவதற்குள் எழுந்து ஆயர் ஈத்தாம் சாலையில் நடப்பார். டிராம் மணியடித்துக்கொண்டு கடந்து போனால் அதில் இருப்பவர்களைப் பார்த்து, "பாவம், சீக்கிரம் போய்ச் சேரப் போறாங்க" என்பார். ஆயர் ஈத்தாமுக்கா மேலோகத்துக்கா என்று எங்களுக்குப் புரியாது. காப்பி தொடமாட்டார். தவறாமல் விளக்கெண்ணெய் குடிப்பார். அவர் ஒரு வாய்ச் சோற்றை மென்று முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதரை ஒரு கப்பல் டாக்டர் குழப்பிவிட்டார். உடம்பைக் கவனித்தால் மட்டும் போதாது, மனசும் சந்தோஷமாக இருந்தால்தான் ஆயுசு நீளும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து விளக்கெண்ணெயோடு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. வேலை விட்டு வந்ததும், வீட்டுக்கு முன்னால் ஜனங்கள் நடந்துபோகிற அஞ்சடியில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரி இருக்கும்.

"அண்ணே, பெரிய கிராணி உங்களப் பாக்க வந்திருக்காரு."

"இப்ப நான் சந்தோஷமா இருக்கேன். அப்புறமா வரச் சொல்லு."

ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒருநாள் அந்தோணியைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தோஷம் வந்தா உனக்கு எங்க தெரியும்? நெஞ்சிலயா, வயித்துலயா?"

"மீன் கறி நல்லா வந்துச்சுன்னா வயித்துல தெரியும்ணே. மத்தபடி நான் கவனிச்சதில்லலா."

பிறகு எங்களையும் கேட்டார். நாங்களும் நெஞ்சையும் வயிற்றையும் கவனிக்க ஆரம்பித்தோம். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருவரும் சந்தோஷமாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தோணிக்கு மலேரியா கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பது சந்தேகம் என்றார்கள். நூறாயுசு வேலை விட்டதும் நேரே அங்கே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். காலை நடை நின்றது. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். எண்ணெய் மறந்துபோனது. அஞ்சடி நாற்காலியில் ஒரு பூனை குடிவந்தது.

ஒரு சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன். அந்தோணி கண்ணைத் திறந்து, அவர் கொண்டுவந்த கஞ்சியில் ஒரு வாய் குடித்தான். மெல்லச் சொன்னான்: "காய்ச்சல் போயிடும்ணே. இந்தக் கஞ்சியோட அதால இருக்க முடியாதுலா."

நூறாயுசு சிரித்தார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. யாருக்கு என்ன ஆச்சென்று, காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸர் ஓடிவந்தார்.

அந்தோணி தேறி வீட்டுக்கு வந்த அன்று நூறாயுசு என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் கலவரம்.

"தம்பி, இத்தனை நாளும் சந்தோஷப்பட மறந்தே போயிட்டேன். நடையும் இல்ல, சரியான தூக்கமும் இல்ல. ஆனா உடம்பு நல்லாத்தான் இருக்கு. அது எப்படி?"

"தெரியலண்ணே."

"டாக்டரக் கேக்கலாம்னா கப்பல் எந்தப் பக்கம் இருக்கோ."

கொஞ்ச நாளில் நடை மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை அந்தோணியையும் இழுத்துக்கொண்டு. வழி நெடுகக் கஞ்சிக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்.

நூறாயுசு எண்பதைத் தாண்டித்தான் போனார். நடையாலா, எண்ணெயாலா, அந்தோணியாலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்ல வயசு, நிறைவான சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை.